நம்ம வீடு, மதுரை: சித்தப்பா அனுப்பிய பார்வர்டு

முரளி சித்தப்பா: (பலமுறை பகிரப்பட்டது) சிறு வயதில் எதுக்களிப்பு இருந்த குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்!!! பெற்றோர்களே உஷார்!!! தெரிந்தவர்கள் அனைவருக்கும் பகிரவும்.

வித்யா: சித்தப்பா, விடிந்ததும் இதையா அனுப்புவது? பாப்பா இப்போதுதான் குடித்த பாலையெல்லாம் என் தோளில் கக்கி முடித்தாள். நாலு மாதம் ஆகப் போகிறது, குறையவே இல்லை. துவைத்த துணியில்கூடப் புளித்த வாசம் போக மாட்டேன் என்கிறது.

பெரியம்மா: கக்கின பிள்ளை தக்கும் என்று உங்கள் பாட்டி சொல்வார். உன் அப்பா கக்காத சேலை அவரிடம் ஒன்றுகூட இருந்ததில்லை. இப்போது ஆள் எப்படி இருக்கிறார் பார்.

கார்த்தி: இன்னும் ஏப்பம் விட்டுக்கொண்டுதான் இருக்கிறார் பெரியம்மா 😂

வித்யா: ஹேமா அக்கா, டியூட்டி முடிந்ததும் இதைக் கொஞ்சம் பாருங்கள். மருந்துக் கடையில் ஏதோ சொட்டு மருந்து தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?

ஹேமா அக்கா: முடிந்தது, பஸ்ஸில் இருக்கிறேன். எடை ஏறுகிறதா? கக்கிய பிறகு அழுகிறாளா?

வித்யா: போன தடுப்பூசியின்போது 6 கிலோ 300. கக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

ஹேமா அக்கா: அப்படியானால் எந்தச் சொட்டும் வேண்டாம். நாலு மாதம்தான் இதற்கு உச்சம். 1997-இல் வந்த ஓர் அமெரிக்கக் கணக்கில், அந்த வயதில் மூன்றில் இரண்டு குழந்தைகள் தினமும் ஒரு தடவையாவது கக்கினார்கள். ஒரு வயதை நெருங்கும்போது அது 20-இல் ஒன்றாகக் குறைந்துவிட்டது. இரைப்பை வாயில் சுருக்குப் பைக் கயிறு மாதிரி ஒரு தசை இருக்கிறது, அது அவ்வப்போது தானாகத் தளரும். சாப்பாடு முழுக்கப் பால், நாள் முழுக்கப் படுக்கை, உணவுக்குழாயும் குட்டை. மேலே வராமல் என்ன செய்யும்? எழுந்து உட்கார்ந்து சோறு சாப்பிட ஆரம்பித்தால் அடங்கும்.

ஹேமா அக்கா: ஆனால் எடை ஏறவில்லை, வாந்தியில் ரத்தம், ஒவ்வொரு தடவையும் பீய்ச்சி அடிக்கிறது, பால் வேண்டாம் என்று வில்லாக வளைந்து அழுகிறாள் என்றால் காட்ட வேண்டும். பச்சையாக வாந்தி எடுத்தால் நடுராத்திரியானாலும் கிளம்பிவிடு.

பெரியம்மா: வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினால் நிற்கும். குப்புறப் போட்டாலும் கக்காது.

ஹேமா அக்கா: நாக்கில் வசம்பு வேண்டாம் பெரியம்மா. குப்புறவும் வேண்டவே வேண்டாம், மூச்சுக்கு ஆபத்து. கக்குகிற குழந்தையானாலும் மல்லாந்துதான் தூங்க வேண்டும், தலைக்கு அண்டக் கொடுக்கவும் கூடாது. பால் குடித்ததும் தோளில் நிமிர்த்திப் போட்டு ஏப்பம் எடுங்கள். அதில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

வித்யா: சரி அக்கா. அந்தப் புற்றுநோய்ச் செய்தி?

ஹேமா அக்கா: கக்குவதற்கும் புற்றுநோய்க்கும் அப்படி நேராக முடிச்சுப் போட முடியாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்ததிலிருந்து கவனித்துவந்த கிட்டத்தட்ட 700 பிள்ளைகளை 9 வயதில் மறுபடி விசாரித்தார்கள், 2002-இல் வெளிவந்தது. முதல் இரண்டு வருடத்தில் 90 நாளுக்கு மேல் கக்கியவர்களுக்கு 9 வயதில் நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு எல்லாம் மற்றவர்களைவிட அதிகம். அம்மாவுக்கு அந்தத் தொந்தரவு இருந்தாலும் பிள்ளைக்கு வாய்ப்பு கூடுதல். அதாவது சிலருக்குத் தொடரும், பலருக்குத் தொடராது. பெரியவர்களிலேயே, எதுக்களிப்பு இருந்தும் எண்டோஸ்கோபியில் (கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) உணவுக்குழாயில் புண் இல்லாதவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஊரில் மற்றவர்களுக்கு வரும் அளவுதான் என்று டென்மார்க், பின்லாந்து, சுவீடன் கணக்கு 2023-இல் வந்தது. வருடக்கணக்கில் புண்ணோடு விடுவதுதான் வேறு கதை.

சுமதி அத்தை: ஹேமா, அப்படியே பரத்துக்கும் சொல். 11 வயதாகிறது, இன்னும் தொண்டைக்குப் புளிப்பாக வருகிறது என்கிறான். ராத்திரி இருமல். பல் டாக்டர் கண்ணாடியை வைத்து மேல் முன்பற்களின் உள்பக்கத்தைக் காட்டினார், எனாமல் தேய்ந்து மஞ்சளாக இருந்தது. அமிலத்தை அடக்கும் ஒமிப்ரசோல் மாத்திரை போன தீபாவளியிலிருந்து போகிறது. பழைய சீட்டைக் காட்டினால் கடையில் கொடுத்துவிடுகிறார்கள்.

ஹேமா அக்கா: தீபாவளியிலிருந்தா?! அத்தை, அது 4 முதல் 8 வாரம் கொடுத்துப் பார்த்து, மறுபடி டாக்டர் யோசிக்க வேண்டிய மருந்து. இவ்வளவு நாளாகியும் அடங்கவில்லை என்றால் அலர்ஜியால் வரும் வீக்கமா, வேறு ஏதாவதா என்று பார்க்க வேண்டும். அமிலம் சும்மா சுரப்பதில்லை, கிருமியையும் கொல்கிறது. வருடக்கணக்கில் அதை அடக்கினால் வயிற்றுப்போக்கு, நிமோனியாவுக்கு வழி. ஒரு வயதுக்குள் இந்த மாதிரி மருந்து சாப்பிட்ட குழந்தைகளுக்குப் பின்னால் எலும்பு முறிவு சற்று அதிகம் என்று 2019-இல் அமெரிக்க ராணுவக் குடும்பங்களின் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளில் பார்த்தார்கள். மருந்தால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் காரணமில்லாமல் ஏன் நீட்ட வேண்டும்? நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், குழந்தைகள் குடல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஹேமா அக்கா: போன எனாமல் திரும்ப வராது. புளிப்பு வந்த உடனே பல் தேய்க்க விடாதீர்கள், தண்ணீரில் கொப்பளிக்கட்டும். ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறான்?

சுமதி அத்தை: டியூஷன் முடிந்து வரவே ஒன்பதரை. வழியில் பரோட்டா, வந்ததும் படுக்கை.

கார்த்தி: பரத்துக்கு மருந்தைவிட டியூஷனை நிறுத்தினால் சரியாகிவிடும் போல.

சுமதி அத்தை: நீ சும்மா இரு.

முரளி சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி: எல்லோரும் படித்த பிறகு நீக்குகிறார் 😂

முரளி சித்தப்பா: பயமுறுத்த அனுப்பவில்லைப்பா. அருணுக்குப் பிறந்த மறுநாளே உணவுக்குழாயில் ஆபரேஷன் நடந்ததே, அதிலிருந்து இப்படி எது வந்தாலும் என் கண்ணில் பட்டுவிடுகிறது.

ஹேமா அக்கா: அருண், உன்னைப் பற்றி இங்கேயே பேசலாமா?

அருண்: பேசுங்கள் அக்கா, எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

ஹேமா அக்கா: சித்தப்பா, பாப்பாவுக்கு நான் சொன்னது இவனுக்குப் பொருந்தாது. நடுவில் விட்டுப்போய்ப் பிறந்த உணவுக்குழாயை இணைத்துத் தைத்தவர்களுக்கு, கீழ்ப்பகுதி உணவைச் சரியாகத் தள்ளாது. மேலே வந்த அமிலம் அங்கேயே தங்கும். பேரட் என்கிற, பின்னாளில் புற்றுநோய்க்கு வழிவிடக்கூடிய சவ்வு மாற்றம் இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம், எரிச்சலே இல்லாமலும் வரும். அதனால் ஐரோப்பா, வட அமெரிக்கக் குழந்தைகள் குடல் டாக்டர்கள் 2016-இல் மூன்று எண்டோஸ்கோபி சொன்னார்கள்: அமில மருந்தை நிறுத்திய பிறகு ஒன்று, 10 வயதுக்குள் ஒன்று, பெரியவர்களுக்கான டாக்டரிடம் மாறும்போது ஒன்று. கடைசியாக எப்போது செய்தீர்கள்?

செல்வி சித்தி: மூன்றாம் வகுப்பு படிக்கும்போது. அப்புறம் நன்றாகத்தானே இருக்கிறான் என்று விட்டுவிட்டோம். அந்த டாக்டரும் இனி பெரியவர்கள் டாக்டரிடம் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

அருண்: எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை அக்கா. இட்லிக்கு ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான். கறி என்றால் நின்றுகொண்டு சாப்பிடுவேன்.

ஹேமா அக்கா: இதுதான் தொந்தரவு தம்பி. டாக்டரிடம் இதை அப்படியே சொல்ல வேண்டும். சித்தி, ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கிறதா?

செல்வி சித்தி: பீரோவில் அவனுடைய பிறப்புச் சான்றிதழோடு இருக்கும். எடுத்துப் போட்டோ அனுப்புகிறேன்.

ஹேமா அக்கா: பழைய எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டும் சேர்த்து. இங்கே எங்கள் டாக்டரிடம் கேட்டு, மதுரையில் யாரிடம் போகலாம் என்று சொல்கிறேன்.

முரளி சித்தப்பா: அடுத்த வாரமே போய்விடலாம் அம்மா.

அருண்: பள்ளிக்கூடத்துக்கு லீவா??

செல்வி சித்தி: காலாண்டு விடுமுறையில்தான் போகிறோம்.