இன்டர்கூலருக்குக் காற்று போதவில்லை, வழி சொல்லுங்கள்
காரைக்குடிப் பக்கத்து நண்பர்களுக்கு வணக்கம். என்னுடையது பழைய டீசல் ஜீப், நான்கு சக்கர இயக்கம். என்ஜினுக்குள் போகும் அழுத்தப்பட்ட காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், என்ஜினுக்கு மேலேயே படுத்திருக்கிறது. திருமயம் சாலையில் விரைந்தால் குறையில்லை. கானாடுகாத்தான் தெருக்களில் ஊர்ந்துவிட்டு மிதித்தால் இழுவையே இல்லை. இன்டர்கூலரிலிருந்து வெளியேறும் குழாயில் கை வைக்க முடியவில்லை. ரேடியேட்டர் சுத்தம், வெப்பமானி முள்ளும் நடுவில்தான் நிற்கிறது.

பானெட் துவாரத்துக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலுள்ள ஸ்பாஞ்சு, செம்மண் ஏறிப் பொடிப்பொடியாக உதிர்கிறது. வருகிற காற்று பக்கவாட்டில் நழுவிவிடுகிறது போலும். அங்கே ரப்பர் பட்டை வைத்தவர்கள் உண்டா? எந்தத் தடிமன்? அடியில் மின்விசிறி பொருத்தினால் காற்றைக் கீழே இழுக்க வேண்டுமா, மேலே தள்ள வேண்டுமா?

சூடு வெளியேற, பானெட்டின் பின்பக்கத்தை வாஷர் வைத்துத் தூக்கச் சொல்கிறார் மெக்கானிக். வண்டி ஓடும்போது முன்கண்ணாடி அடியில் காற்றழுத்தம் அதிகம். காற்று உள்ளேதானே நுழையும்? எனக்கு மனம் ஒப்பவில்லை. செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.