4.5 ஜிபி ஐஎஸ்ஓ 4.7 ஜிபி டிவிடியில் ஏறமாட்டேங்குது, எதைத் தூக்கலாம்?

கெடிலக்கரை:
கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு டியூஷன் சென்டருக்கு 11 பழைய டெஸ்க்டாப் வந்திருக்கு. கோர் 2 டுயோ, 2 ஜிபி ரேம். நாலு மெஷின் பென்டிரைவ்ல பூட் ஆகவே மாட்டேங்குது, அதனால டிவிடிதான். அங்க நெட் கிடையாது. டெபியன் 12 லினக்ஸோட எக்ஸ்எஃப்சிஇ லைவை (நிறுவாமலே வட்டுலேர்ந்து ஓடற பதிப்பு) க்யூபிக்ங்கற ஐஎஸ்ஓ மாத்தற கருவியில திறந்து அப்டேட் போட்டு, படம் திருத்தற கிம்ப், சின்னப் பசங்களுக்கான ஜிகாம்ப்ரி, ஒலி திருத்தற ஆடாசிட்டி, தமிழ் எழுத்துரு எல்லாம் சேர்த்தேன். கட்டின ஐஎஸ்ஓ (முழு வட்டையும் அடக்கின ஒரே கோப்பு) விண்டோஸ்ல பாத்தா 4.5 ஜிபிதான். ஆனா எரிக்கப் போனா இடம் பத்தலைங்குது. டிவிடி கோளாறா?

வில்லியனூரான்:
டிவிடி நல்லாத்தான் இருக்கு தம்பி, கணக்குதான் இடிக்குது. உறையில போட்டிருக்கற 4.7ங்கறது 470 கோடி பைட். விண்டோஸ் 1024ஆல வகுத்துக் காட்டும். அந்தக் கணக்குல டிவிடியே 4.38தான். உங்க 4.5 கிட்டத்தட்ட 483 கோடி பைட். ரெட்டை அடுக்கு டிவிடி வாங்கிடலாம்னு கிளம்பிடாதீங்க, பழைய டிரைவ் சிலது அதைச் சரியாப் படிக்காது.

முந்திரிக்காடு:
புரோகிராம்ல கை வைக்கறதுக்கு முன்னாடி குப்பையைப் பெருக்குங்க. அப்டேட் போட்டதுல பழைய கெர்னலும் (லினக்ஸோட மையக் கரு) புதுசும் ரெண்டும் உள்ள உக்காந்திருக்கும். இறக்கின டெப் கோப்பெல்லாமும் (நிறுவற பொதிங்க) அப்படியே கிடக்கும். டெபியன் லைவ்ல இன்னொரு கூத்து: ஜப்பான், கொரியா, தாய்லாந்துன்னு ஊருல உள்ள மொழிக்கெல்லாம் தட்டச்சு வசதி, லிப்ரே ஆபீஸ் உதவிப் பக்கம், ஃபயர்ஃபாக்ஸ் மொழிப் பொதி. தாய் மொழி டெர்மினல் கடலூர்ல யாருக்கு? தமிழ், இங்கிலீஷ் தவிர மத்ததை பர்ஜ் பண்ணிட்டு (அமைப்போட சேர்த்து நீக்கிட்டு), வேண்டாத துணைப் பொதியைத் தூக்க ஆப்ட் ஆட்டோரிமூவ், கடைசியா இறக்கின கோப்பை அழிக்க ஆப்ட் க்ளீன். ஐஎஸ்ஓவைச் சுருக்கும்போது எக்ஸ்இசட் முறை போட்டா இன்னும் குறையும். ஆனா அந்தப் பழைய மெஷின்ல பூட் ஆக ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்.

அலையாத்தி:
இதெல்லாம் சரி, எதை வைக்கணும்னு யாரும் சொல்லலையே. நான் பாக்கறது ஒண்ணுதான்: இது இல்லைன்னா மத்ததை அப்புறம் கொண்டுவர முடியுமா? அப்படிப் பாத்தா முதல் இடம் ஃபர்ம்வேருக்கு (வைஃபை மாதிரி வன்பொருள் ஓட வேண்டிய மென்பொருள்). டெபியன்காரங்க 2022ல நடத்தின ஓட்டெடுப்புக்கு அப்புறம் 12ஆம் பதிப்புலேர்ந்து டெபியனே அதை வட்டுல சேர்த்துத் தருது, பெருக்கற வேகத்துல அதையும் தள்ளிடாதீங்க. பழைய பிராட்காம் வைஃபை கார்டு இருந்தா ஜாக்கிரதை. அதுக்கான பி43 பொதி, ஃபர்ம்வேரை நெட்லேர்ந்துதான் இறக்கும். நெட்டுக்கே நெட் கேக்கும்!

வில்லியனூரான்:
டெஸ்க்டாப்ல வைஃபை ஏதுங்க? போனை யூஎஸ்பி கேபிள்ல சொருகி டெதரிங் (போனோட நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் குடுக்கறது) போட்டா போதும். அதுக்கு வேண்டியது கெர்னல்லயே இருக்கு.

கெடிலக்கரை:
அண்ணே, டெதரிங் வேலை செய்யுது, வைஃபை பிரச்சினை முடிஞ்சுது. ஆடாசிட்டியைத் தூக்கிட்டேன். ஜிகாம்ப்ரிதான் பெருசு, அதையும் தூக்கலாமா?

அலையாத்தி:
சின்னப் பசங்க வர்ற இடம்னா ஜிகாம்ப்ரி இருக்கட்டும், கிம்ப்பைத் தூக்குங்க. உபுண்டு லினக்ஸே 2010ல, 10.04 பதிப்புல அதை வட்டுலேர்ந்து எடுத்துட்டான். அப்போ 700 எம்பி சிடிக்குள்ள அடக்கணுமே. தமிழ்99 விசைப்பலகை இருக்கான்னு பாருங்க. சென்டர்ல பழைய கேள்வித்தாளெல்லாம் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவுல இருக்கும், யூனிகோட் எழுத்துரு மட்டும் போட்டா அது குப்பையாத்தான் தெரியும்.

கெடிலக்கரை:
பாமினிதான்! எப்படிக் கண்டுபிடிச்சீங்க. இப்போ 3.9 காட்டுது, எரிச்சாச்சு. ஆனா நிறுவினதும் தமிழ்99 விசைப்பலகை வரல. க்யூபிக்ல நான் செட் பண்ணி வச்சது எங்க போச்சு?

முந்திரிக்காடு:
ரூட்டோட (நிர்வாகி கணக்கு) ஹோம் ஃபோல்டர்ல வச்சிருப்பீங்க. நிறுவும்போது புதுசா உருவாகற பயனருக்கு அது போகாது. அந்த அமைப்புக் கோப்புகளை ஈடிசிக்குள்ள இருக்கற ஸ்கெல் ஃபோல்டர்ல (புதுப் பயனருக்கு இதுலேர்ந்துதான் நகல் போகும்) போட்டு மறுபடி ஐஎஸ்ஓ கட்டுங்க.

கெடிலக்கரை:
ஆமா, ரூட்லதான் வச்சிருந்தேன். ஸ்கெல்ல போட்டதும் வந்துடுச்சு. ஒரு டிவிடி வீணாப்போச்சு, பரவால்ல. பென்டிரைவ் ஏறாத நாலும் முடிஞ்சுது, மீதி ஏழு ஞாயித்துக்கிழமை.