விபத்துக்குப் பிந்தைய அச்சத்துக்கு மனநலச் சிகிச்சை உதவுமா?

மேலூரிலிருந்து ஒரு தங்கை:
நான்குவழிச் சாலை விபத்தில் உயிர் தப்பிய என் அண்ணன், காயங்கள் ஆறிய பின்னும் உறக்கத்தில் அலறி எழுகிறார். பேருந்தில் ஏற மறுக்கிறார். மந்திரித்துக் கயிறு கட்டியும் மாற்றமில்லை. நடந்ததைப் பேசவைத்தால் துன்பம் கூடாதா?

திருநகர் உளவியல் ஆலோசகர்:
சகோதரி, வீட்டார் வற்புறுத்திப் பேசவைக்கக் கூடாது என்பது உண்மையே. பயிற்சி பெற்ற சிகிச்சையாளரோ, முதலில் பதற்றத்தைத் தணிக்கக் கற்பித்து, பிறகே அந்த நினைவை அவர் தாங்கும் அளவில் அணுகச் செய்வார். தவிர்க்கத் தவிர்க்க அச்சம் வலுக்கும். பாதுகாப்பான சூழலில் மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளும்போதுதான், அது முடிந்துபோன நிகழ்வு என்பதை மனம் கற்றுக்கொள்கிறது. 'என்னால்தான் நேர்ந்தது' என்ற குற்றவுணர்வு இருந்தால் அதையும் ஆராய்வார்கள். உலக சுகாதார நிறுவனம் 2013இல் எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும், அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும், கண் அசைவுகளைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். முறையையும் பரிந்துரைத்தது. கயிறு அவருக்கு ஆறுதல் தருமானால் இருக்கட்டும்.

உசிலம்பட்டி ஆசிரியர்:
என் மனைவிக்கு இத்தகைய சிகிச்சையின் தொடக்கத்தில் கெட்ட கனவுகள் சற்றுக் கூடின. அதற்காக இடையில் நிறுத்திவிடாமல், சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள் அம்மா. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். நள்ளிரவிலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.