புதுப்பிப்பு: காற்றுத் துவக்கு, 4.5ஆ 5.5ஆ?

ஒட்டுசுட்டான் வளவில் பேணி வைத்துச் சுட்டுப் பழக, ஸ்பிரிங் காற்றுத் துவக்கில் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீற்றரா 5.5ஆ, எந்த ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) என்று முன்பு கேட்டிருந்தேன். 4.5 எடுத்தேன். குண்டு பாரம் குறைவு, வேகம் கூட, அதனால் தூரத்தில் இறக்கம் குறைவு. சரி.

பிழை விட்டது ஸ்கோப்பில். மலிவாக வாங்கியதில் இரண்டு கிழமைக்குள் குறுக்குக்கோடு சரிந்தது. ஆட்டினால் உள்ளே கிலுகிலு. வெடிமருந்து ரைபிள் பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் துவக்கோ பின்னால் உதைத்து உடனே முன்னாலும் இழுக்கும். சாதாரண ஸ்கோப் அதைத் தாங்காது. இப்போது காற்றுத் துவக்குக்கென்றே செய்த 4 மடங்கு ஸ்கோப். கிட்ட, 10 மீற்றரிலும் பேணி தெளிவு.

பின்னேரம் சோளகக் காற்று எழும்பினால் குண்டு ஒரு விரற்கடை தள்ளித்தான் விழுகிறது. பாரமான குண்டு காற்றுக்கு அவ்வளவு தள்ளாது, 5.5 எடு என்று அடம்பிடித்த அண்ணாவுக்கு அரைவாசி வெற்றி.