உதகைக் குளிரில் கருவியின் விசிறி வேகத்தைக் குறைக்கலாமா?

உதகை மேசைக்காரன்: என்னிடம் பழைய ஆசிலோஸ்கோப் (மின் அலைகளைத் திரையில் காட்டும் கருவி) ஒன்று இருக்கிறது. பகலில் உறைக்காத அதன் விசிறி இரைச்சல், ஊர் அடங்கியதும் பக்கத்து அறைவரை கேட்கிறது. 12 வோல்ட் விசிறிக்குத் தொடரில் ரெசிஸ்டர் (மின்தடை) வைத்து 8 வோல்ட் ஆக்கிவிட்டேன். நிம்மதி. ஸ்வெட்டரோடு சால்டர் பிடிக்கும் ஊரில் கருவிக்கு எதற்கு இத்தனை காற்று?

கொடைக்கானல் பெரியவர்: தம்பி, குளிரைப் பார்த்தீர்கள், உயரத்தை மறந்துவிட்டீர்கள். உதகை சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதே வேகத்தில் சுற்றினாலும் விசிறி அள்ளிப்போகும் வெப்பம் குறைவு. பல கருவிகளின் கையேட்டில் உயர வரம்பு 2,000 மீட்டர் என்றே போட்டிருக்கும். அந்தக் கோட்டுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு வேகத்தையும் குறைக்கிறீர்கள்!

கோத்தகிரி சால்டர்: ஐயா கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டார். சமவெளியில் அறை 35 டிகிரி, கருவிக்குள் 15 டிகிரி ஏற்றம் என்று வையுங்கள், மொத்தம் 50. உதகையில் மெல்லிய காற்று, குறைந்த வேகம் இரண்டையும் சேர்த்தால் ஏற்றம் 29. அறை 15. ஆக 44. சென்னையில் இருப்பதைவிடக் கருவி சுகமாக இருக்கிறது. வேகம் மூன்றில் இரண்டு பங்கானால் இரைச்சல் எட்டு, ஒன்பது டெசிபல் இறங்கும். காதுக்கு அது ஏறக்குறையப் பாதி.

கொடைக்கானல் பெரியவர்: ஏப்ரல் பகலில் அறை 24 ஆகுமே, அப்போது கூட்டிப் பாருங்கள்: 53. அதுவும் வெளியேறும் காற்றின் சராசரிதான். மூலையில் ஒளிந்திருக்கும், மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் எவ்வளவு கொதிக்கிறது என்பதைத் தெர்மோகப்பிள் என்ற வெப்பம் அளக்கும் கம்பியை ஒட்டினால்தான் அறியலாம். இன்னொன்று: உறைபனிக் காலையில் பேரிங் கிரீஸ் இறுகிக் கிடக்கும். 8 வோல்ட்டில் விசிறி கிளம்புமா?

கோத்தகிரி சால்டர்: கிளம்பும். நான் மாற்றியவை ஏழிலேயே கிளம்பின. ஆனால் ரெசிஸ்டருக்கு முன்பு செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. பின்தகட்டிலேயே துளையிட்ட கிரில் இருந்தால் அதை வெட்டியெடுத்துவிட்டுக் கம்பிக் காப்பு போடுங்கள். இறக்கைக்கு ஒட்டினாற்போல் தகடு இருந்தால் காற்று அதில் மோதிச் சீறும். திருகுகளுக்கு ரப்பர் வாஷர் வைத்தால் பெட்டி அதிர்வதும் அடங்கும். ஒரு துளிக் காற்றும் குறையாது.

கொடைக்கானல் பெரியவர்: இது நல்ல யோசனை. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு தட்டச்சு செய்திருக்க வேண்டாம். வெட்டும்போது இரும்புத்தூள் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி.

உதகை மேசைக்காரன்: இன்று காலை ஆறரைக்குக் கருவியைப் போட்டேன். அறை 9 டிகிரி. விசிறி ஒருமுறை தலையாட்டிவிட்டு நின்றுவிட்டது; பென்சிலால் தள்ளிவிட்ட பிறகே சுற்றியது. ஐயாவுக்கு ஒரு கும்பிடு.

கோத்தகிரி சால்டர்: அது குளிரின் குற்றமில்லை, பேரிங் தேய்ந்துவிட்டது. இரைச்சலில் பாதி அதிலிருந்துதான் வந்திருக்கும். விசிறியையே மாற்றுங்கள்.

உதகை மேசைக்காரன்: கோயம்புத்தூருக்குச் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும். கிரில்லையும் அன்றே வெட்டப்போகிறேன்.

கொடைக்கானல் பெரியவர்: அதுவரை ரெசிஸ்டரைக் கழற்றி வையுங்கள்.