கலைச்சொல் விவாதம்: இடித்துக் கட்டாமல் நகரை உயிர்ப்பிப்பதற்கு என்ன சொல்?

சென்னையிலிருந்து:

நண்பர்களே, பெருந்தொற்றுக்குப் பிறகான நகரத் திட்டமிடல் பற்றிய பாடநூலுக்கு ஒரு சொல் வேண்டும். பழைய நகர்ப்பகுதியை, வளம் வீணாகாமல், இருப்பவர்களை வெளியேற்றாமல் மறுபடி உயிர்பெறச் செய்வது. 'நிலைத்த நகர மீளுருவாக்கம்' சரிவருமா? இங்கே 'மறுகட்டுமானம்' புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் அது வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டுவது. குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. அப்போதும் இந்தச் சொல் மாறவில்லை.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

வணக்கம் ஐயா. 'மீளுருவாக்கம்' வேண்டாம் என்பேன். உருவாக்கம் என்றாலே உருவாக்குகிற ஆள் ஒருவர் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். வருகிறவர் பெரும்பாலும் மேம்பாட்டாளர்தான்.

2025 ஆகஸ்டில் எங்கள் மலேசிய நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாவின் மலாய்ப் பெயர் 'பெம்பாஹாருவான் செமுலா பண்டார்'. தமிழ் ஏடுகள் அதைப் புதுப்பிப்பு என்றும் மறுசீரமைப்பு என்றும் மாற்றி மாற்றி எழுதின. (புதுப்பிப்பு என்றால் எங்கள் ஆள்களுக்கு ரோட்டேக்ஸ், அதாவது வண்டியின் சாலை வரிதான் ஞாபகம் வரும்.) பெயரை விடுங்கள், உள்ளே இருந்த கணக்கைப் பாருங்கள். கட்டடம் 30 ஆண்டைத் தாண்டியிருந்தால் 75 விழுக்காட்டு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும், தாண்டாவிட்டால் 80, கைவிடப்பட்டதென்றால் 51. எண்ணப்படுவது எல்லாம் உரிமையாளர் தலைகள். வாடகைக்கு இருப்பவரும் அஞ்சடியில் (கடை முன்னுள்ள நடைபாதையில்) பூ கட்டி விற்கும் அக்காவும் எதிலும் சேர்த்தி இல்லை.

ரப்பர்த் தோட்டத்து ஆள்களுக்கு இது புதிதா என்ன? லயத்து வீடு நிர்வாகத்தினுடையது. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில் தோட்டம் கைமாறியபோது, மூன்று தலைமுறை பால் வெட்டியவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அந்த நெருக்கடியில்தான் 1960-இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்க வழிசெய்தார். அவர் எங்கள் ஊர்க்காரர் என்பதைச் சொல்லாமல் விட்டால் இங்கே என்னை மன்னிக்கமாட்டார்கள்.

சொல்லுக்கு வருகிறேன். கித்தா (ரப்பர்) மரம் 25, 30 வருடம் வெட்டி ஓய்ந்ததும் அடியோடு சாய்த்துப் புதுக்கன்று வைப்பது மறுநடவு. உங்கள் மறுகட்டுமானம் அதுதான். ஆனால் வருடா வருடம் பிப்ரவரி, மார்ச் வெயிலில் இலையெல்லாம் கொட்டி மரம் மொட்டையாக நிற்குமே, அது வேறு. பால் குறையும், பால் பிடிக்கும் மங்கு நிரம்பாது, சம்பளம் இறங்கும். அதற்காக ஒருவரும் கோடாரியைத் தூக்கமாட்டார்கள். மரம் தழைத்துக்கொள்ளும்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பட்டணத்துக் கடைகளும் அப்படித்தான் நின்றன. வீட்டுக்கு ஒருவர், 10 கிலோமீட்டருக்குள் மட்டும் என்று ஆனதும் தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க வரும் கூட்டம் அற்றுப்போனது. கடை செத்துவிட்டது, இடித்து மால் கட்டு என்பது ஒரு யோசனை. கடைவீட்டின் மேல்மாடியைத் திறப்பது இன்னொன்று. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் ஓடவிட்டு, சமையலுக்கு விற்கும் பறவைக் கூட்டு வியாபாரத்துக்கு விட்ட மாடிகள் எத்தனை! அங்கே மனிதர் குடியேறினால் கீழே கடைக்கு ஆள் தானே வரும்.

ஆகவே 'நகர மறுதழைப்பு' என்று முன்மொழிகிறேன். 'நகர்த்தழைப்பு' என்றும் எழுதிப் பார்த்தேன், கண் 'நகர்த்து' என்று ஓடுகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

சொல் வடிவாய் இருக்கு. ஆனால் தழைப்பது தானாக நடக்கிற காரியம். அப்ப அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம் என்று ஆகாதா? திட்ட அறிக்கையில் இதை வினையாக எப்படி எழுதுவது? மற்றது, எங்கட பக்கம் 'நிலைத்த' என்பதற்கு 'நிலைபேறான' ஊன்றிவிட்டது. அதை மாற்றச் சொல்லாதேங்கோ.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

அண்ணன் கேட்பது நியாயம். 'தழைக்கச் செய்' என்பது வினை. 'மறுதழைப்புத் திட்டம்' அரசின் வேலை. கை கட்டி நிற்க இடமில்லை, ஏனென்றால் தளிர் விடுகிற நேரத்தில் ஈரம் பிடித்தால் பூஞ்சை வந்து இளந்தளிரும் கொட்டிவிடும். அதற்குத் தோட்டத்தில் கந்தகத் தூள் அடிப்பார்கள். 2020 ஏப்ரலில் தொடங்கிய கடன் தவணை ஒத்திவைப்பு ஆறே மாதத்தில் முடிந்தது. வியாபாரம் அப்போதும் முழுதாகத் திரும்பியிருக்கவில்லை. தூள் அடிக்க வேண்டிய நேரமே அதற்குப் பிறகுதான். அஞ்சடிக் கடைக்கு லைசென்ஸ், மாடி வீட்டுப் பழுதுக்குச் சின்னக் கடன், பஸ் நிறுத்தத்தில் நிழல் என்று நகராண்மைக் கழகம் செய்யக்கூடியது நிறைய உண்டு.

அடைமொழியில் எனக்குச் சண்டை இல்லை. நிற்கிற கட்டடத்தை இடிக்காமல் வைத்திருப்பதே சிமெண்டும் இரும்பும் மிச்சம் என்பதால் 'வளங்குன்றா' எனக்குப் பிடிக்கிறது. 'நிலைபேறான' இருந்தாலும் பொருள் கெடாது. பெருந்தொற்றைச் சொல்லுக்குள் திணிக்க வேண்டாம், அது தலைப்பில் இருந்தால் போதும்.

பிள்ளைகள் வாயில் 'இயங்கலை வகுப்பு' (ஆன்லைன் வகுப்பு) எப்படி ஏறியது என்பதைப் பார்த்தவர்கள் நாம். இதுவும் ஏறும்.

பட்டியலில் மொத்தத்துக்கும் 'புதுப்பிப்பு', இடித்துக் கட்டுவதற்கு 'மறுகட்டுமானம்', இதற்கு 'மறுதழைப்பு' என்று ஏற்றிவிடலாமா? ஏற்றியதும் அடுத்த சொல் காத்திருக்கிறது. தெரு தழைத்த பிறகு வாடகை ஏறி, பழைய கடைக்காரரே வெளியேற வேண்டி வருகிறது. 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபின் பினாங்கு ஜார்ஜ்டவுனில் அதைப் பார்த்தோம். 'மேட்டுக்குடியாக்கம்' என்று ஒன்று சுற்றுகிறது, எனக்கு ஒப்பவில்லை. சென்னை நண்பரே தனி இழை தொடங்கட்டும்.