பழைய கிதாரில் சொல்லப்படாத மாற்றங்கள்: கண்டுபிடிக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். 1966-ஆம் ஆண்டின் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றை இணையவழியே வாங்க எண்ணியுள்ளேன். எல்லாம் தொழிற்சாலையில் பொருத்தியவையே என்று விற்பவர் உறுதி கூறினாலும், நான் வற்புறுத்தியபின் உடலின் முன்புறத்தை மூடும் பிக்கார்ட் தகட்டைக் கழற்றி அவர் அனுப்பிய படங்கள் என் மனத்தை உறுத்துகின்றன.

ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பொட்டின் (பொட்டென்ஷியோமீட்டரின்) முதுகில் 1376612 என்று உள்ளது. 137 என்பது பொட்டைத் தயாரித்த சிடிஎஸ் (CTS) நிறுவனத்தையும், அடுத்த நான்கு இலக்கங்கள் 1966-இன் 12-ஆம் வாரத்தையும் குறிப்பதால் பொட் பழையதுதான். ஆனால் அதன்மேல் கம்பிகளைப் பற்றவைத்த மங்கிய சால்டரை ஒட்டியே பளபளக்கும் புதுச் சால்டர்த் துளி ஒன்று தெரிகிறது; பின்னர் யாரோ மீண்டும் பற்றவைத்திருக்கலாம். பிக்கப்களை (தந்திகளின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகங்களை) தேர்ந்தெடுக்கும் சுவிட்சும் ஐந்து நிலை கொண்டது. அக்காலக் கிதார்களில் மூன்று நிலைச் சுவிட்சே இருந்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், பலரும் மாற்றுவதுதான். பிரிட்ஜ் (தந்திகளை உடலில் தாங்கும் பாகம்) பக்கத்துப் பிக்கப் குழியின் ஓரத்தில் மட்டும் பெயின்ட் இன்றி வெளிறிய மரம் தெரிவதுதான் உண்மையான கவலை: ஹம்பக்கர் என்னும் அகலமான இரட்டைச் சுருள் பிக்கப்பைப் பொருத்துவதற்காக யாரோ குடைந்துவிட்டு, பின்னர் பழைய பிக்கப்பையே வைத்து மூடியிருப்பார்களோ என்று அஞ்சுகிறேன்.

இத்தகைய கிதார்களைக் கழற்றிப் பார்த்த அனுபவமுள்ளவர்கள், கழுத்தின் அடியிலுள்ள தேதி முத்திரையையும் புற ஊதா ஒளியில் உடற்பகுதியையும் தவிர வேறு எந்தெந்த இடங்களைப் படமெடுத்து அனுப்பக் கேட்க வேண்டும் என்று தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.